திண்ணை யாருக்கு?

என் மகள் பெங்களூரில் இருக்கிறாள். எனக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இந்த இரண்டு விஷயங்களும் சேர்ந்துதான் சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் என்னைத் திருவண்ணாமலையில் ஒரு ரிசார்ட்டின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தின.

“டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னாரே, எடுக்கறீங்களாப்பா?” என்று அவள் போனில் கேட்டாள்.

“வீட்டில் சும்மாதானேம்மா இருக்கிறேன்?” என்றேன்.

“சும்மா இருக்கிறது வேறப்பா, ஓய்வு வேற” என்றாள்.

சும்மா இருப்பதற்கும் ஓய்வுக்கும் என்ன வித்தியாசம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. சும்மா இருப்பதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஓய்வுக்குக் கொடுக்க வேண்டும். அவள் கொடுத்துவிட்டாள். கைப்பேசியிலேயே பணத்தைக் கட்டி ரசீதையும் அனுப்பிவிட்டாள். பிள்ளைகள் அன்பைக் காட்டும் முறை காலத்துக்குக் காலம் மாறுகிறது. முன்பெல்லாம் காலைப் பிடித்துவிட்டார்கள். இப்போது காலைப் பிடித்துவிட ஆள் ஏற்பாடு செய்கிறார்கள். அதைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அங்கே எனக்குச் சௌகரியக் குறைவு ஏதும் இருந்ததென்றும் நினைக்க வேண்டாம். சௌகரியம் சற்று அதிகமாகவே இருந்தது. என் வழக்கு அதைப் பற்றித்தான்.

விடுதியின் பெயரைச் சொல்லமாட்டேன். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவையெல்லாம் யோக்கியமானவை என்று ஆகிவிடும். ஏறக்குறைய இதே மாதிரி விடுதிகளை மாமல்லபுரத்திலும் காரைக்குடிப் பக்கத்திலும் நீங்கள் பார்த்திருக்கலாம். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மதில். மதிலுக்கு உள்ளே ஒரு கிராமம். அந்தக் கிராமத்தில் ஒரு குறையும் கிடையாது. சாக்கடை இல்லை, கடன் இல்லை, கட்சிக்கொடி இல்லை, குழாயடிச் சண்டை இல்லை. கூரை இருக்கிறது; ஒழுகாது. மாட்டுவண்டி இருக்கிறது; மாடு இல்லை. கிணறு இருக்கிறது; இறைக்க வேண்டியதில்லை. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மண்ணின் மணம்’.

உள்ளே நுழைந்ததும் ஆரத்தி எடுத்தார்கள். நெற்றியில் சந்தனம் இட்டார்கள். சின்ன மண்குவளையில் நன்னாரித் தண்ணீர் கொடுத்தார்கள். நன்றாகவே இருந்தது. எனக்கென்று ஒதுக்கியிருந்த வீட்டுக்கு முன்னால் ஓர் அழகான திண்ணை. சாணமிட்டு மெழுகி, ஓரத்தில் செம்மண் பட்டை தீட்டி, சாய்ந்துகொள்வதற்கு மேடும் வைத்துக் கட்டிய அசல் திண்ணை. எங்கள் பாட்டனார் வீட்டுத் திண்ணையே எதிரில் வந்து நிற்பதுபோல் இருந்தது. தோட்டத்தில் இரண்டு கல்தூண்களை நட்டு அவற்றின்மேல் ஒரு பலகைக் கல்லைப் போட்டு வைத்திருந்தார்கள். அதன்மேல் வரிசையாகப் பூந்தொட்டிகள். “இது என்ன தம்பி?” என்று பெட்டியைத் தூக்கி வந்த பையனைக் கேட்டேன். “கார்டன் டிசைன் சார்” என்றான்.

அது சுமைதாங்கிக் கல். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே ஒரு பெண் இறந்துபோனால், இறக்கிவைக்க முடியாமல் போன அவள் சுமையின் நினைவாக, வழியில் போகிற எவனோ ஒருவன் தன் தலைச்சுமையை ஒரு நிமிஷம் இறக்கிவைக்கட்டும் என்று அவள் வீட்டார் சாலையோரத்தில் நட்டுவைத்த கல். எந்தச் சாலையோரத்திலிருந்து அது பெயர்ந்து வந்ததோ, இப்போது மதிலுக்கு உள்ளே ஜெரேனியப் பூவைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஓய்வுக்கு வந்தவன் கல்லைப் பற்றியெல்லாம் யோசிக்கக் கூடாதல்லவா?

எண்ணெய் தேய்த்துவிட ஒரு கேரளத்துப் பையன் வந்தான். கை அசல் வைத்தியன் கை. முக்கால் மணி நேரத்தில் அறுபது வருஷத்து அலுப்பைத் தேடித் தேடி எடுத்தான். வெந்நீரில் குளித்தேன். கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் வந்தன. கூழ் ஊற்றியது ஒடிசாக்காரர். கணக்கு எழுதும் மேனேஜர் மதுரைப் பக்கம். பூத்தொட்டிக்குத் தண்ணீர் விடுகிறவர் பீகார். இவர்களில் எவர்மீதும் எனக்கு வருத்தம் கிடையாது. வயிறு எங்கே அழைக்கிறதோ அங்கே மனிதன் போகிறான். நம்மவர்களும் கடல் கடந்து போகிறார்கள். எனக்குத் தோன்றியது வேறு ஒரு சந்தேகம். மண்ணின் மணம் என்கிறார்களே, இந்த மண்ணைச் சேர்ந்தவர் இங்கே யார்?

ஒருவர் இருந்தார். எனக்கு ஆரத்தி எடுத்த அம்மாள்தான். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கண்டாங்கிச் சேலை, கொண்டையில் ஒரு முழம் கனகாம்பரம். காலையில் கோலம் போடுவது, வருகிறவர்களுக்கு ஆரத்தி எடுப்பது, பிறகு முற்றத்து மேடைமேல் ஏற்றிவைத்திருந்த அம்மியில் நின்றவாக்கில் மஞ்சள் அரைப்பது, வெள்ளைக்காரர்கள் யாராவது வந்தால் அவர்களுக்கும் அரைக்கச் சொல்லிக் கொடுப்பது, இவையே அவர் வேலை. அரைத்த மஞ்சள் எங்கும் போகவில்லை. வழித்து எடுப்பார், மீண்டும் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார், மீண்டும் அரைப்பார். வேறு வேலை இல்லாத நேரத்தில் தூண் பக்கத்தில் நிற்பார். எட்டு மணிக்கு நான் வந்தபோது நின்றுகொண்டிருந்தார். பதினொரு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படித்தபோதும் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உடம்பை மாற்றி மாற்றி நின்றார். முழங்காலில் வலி உள்ளவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். எனக்கு அது தெரியும்.

“ஏம்மா, எவ்வளவு நேரம் நிற்பீர்கள்? கொஞ்சம் உட்காரக் கூடாதா?” என்றேன்.

சிரித்தார். “நிக்கறதுக்குத்தான் சம்பளம் ஐயா.”

“அம்மி அரைப்பதற்கென்று அல்லவா நினைத்தேன்?”

“அதயும் நின்னுக்கினேதான் அரைக்கணும். உக்காந்து அரைச்சா போட்டோவுல சரியா வுழலன்னு மேட கட்டிட்டாங்க.”

உட்கார்ந்து அரைப்பதற்காகவே நம் முன்னோர்கள் செய்து வைத்த ஒரு கருவியைக்கூட நின்றுகொண்டு அரைக்கும்படி செய்துவிட்டது நம்முடைய ரசனை! அந்த அம்மாளுக்கு ஊர் பக்கத்திலேதான். முன்பு களையெடுக்கப் போனாராம். அவர் வீட்டில் திண்ணை உண்டா என்று கேட்டேன். “மண்ணு வூட்டுல இருந்திச்சி. தொகுப்பு வூடு கட்டறப்ப இடமில்லன்னு எடுத்துட்டோம்” என்றார். “இது மாரியேதான் இருக்கும்” என்று சொல்லி நான் உட்கார்ந்திருந்த திண்ணையை ஒருமுறை பார்த்தார். அதை மெழுகியவரும் அவரே.

இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். “அப்படியானால் வந்து உட்காருங்களேன். யார் என்ன சொல்லப்போகிறார்கள்?” என்றேன். வேண்டாம் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. எழுதுகிறவனுக்குத் தன் நல்ல மனத்தின்மேல் ஒரு கர்வம் உண்டு. கடைசியில் என் வற்புறுத்தலுக்காகத் திண்ணையின் ஓரத்தில், மூன்று விரற்கடை இடத்தில், பட்டும் படாமலும் உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம் இருக்கும். “அப்பாடா” என்றார். அந்த ‘அப்பாடா’வைப் போல ஒன்று என் வாயிலிருந்து அன்று முழுவதும் வரவில்லை, அத்தனை எண்ணெய்க்கும் பிறகு.

மேலே தூணில் ஒரு காமிரா இருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் எப்படி மறந்தாரோ தெரியாது. மேனேஜர் வந்தார். என்னிடம், “சார், எல்லாம் சௌகரியமா இருக்கா?” என்று பணிவாகக் கேட்டார். அந்த அம்மாளைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. கண்ணால் மட்டும் கூப்பிட்டார். சமையற்கட்டுப் பக்கம் போனார்கள். திரும்பி வந்தபோது அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. தூண் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

என் கருணைக்குக் கட்டணம் அவர் கட்டினார். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மேனேஜரைத் தேடிக்கொண்டு போனேன். நல்ல பையன், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவனும் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தான் என்பது கிட்டப் போனபிறகுதான் தெரிந்தது. “தம்பி, அந்த அம்மாளை உட்காரச் சொன்னது நான். தப்பு என்றால் என்மேல்” என்றேன்.

“தப்புன்னு யாரும் சொல்லல சார். கெஸ்ட் திண்ணையில ஸ்டாஃப் உக்காரக் கூடாது, அவ்வளவுதான். அவங்களுக்கும் நாற்காலி இருக்கு சார்.”

“எங்கே இருக்கிறது?”

கொஞ்சம் தயங்கினான். “ஸ்டோர் ரூம்ல.”

உள்ளே போய்ப் பார்த்தேன். நாற்காலி இருந்தது உண்மைதான். அதன்மேல் மூன்று பூசணிக்காய்கள் உட்கார்ந்திருந்தன.

வாசக அன்பர்களே, உட்காருவது என்பது இந்த நாட்டில் சட்டம் போட்டு வாங்க வேண்டிய சலுகையாகிவிட்டது என்பதை நீங்கள் மறந்திருக்கலாம். கோழிக்கோட்டில் ஜவுளிக்கடைப் பெண்கள் பல வருஷம் போராடினார்கள். அவர்கள் கேட்டது பெரிய சொத்து அல்ல. வேலை நேரத்தில் உட்காருவதற்கும் சிறுநீர் கழிக்கப் போவதற்கும் அனுமதி. 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2010-ல் வந்த ‘அங்காடித் தெரு’ படத்தில் சென்னை ரங்கநாதன் தெருக் கடைகளில் நின்று நின்று இரத்தக் குழாய் புடைத்த கால்களைப் பார்த்து நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். துடைத்துக்கொண்டு போய் அதே மாதிரிக் கடைகளில் தீபாவளிக்குப் புடவை எடுத்தோம். 2021-ல்தான் தமிழ்நாடு சட்டமன்றம் 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்கள் சந்தர்ப்பம் கிடைத்தபோது உட்காருவதற்கு இருக்கை போட வேண்டும் என்று சொன்னது.

இதையெல்லாம் அந்தப் பையனிடம் சொன்னேன். “அது கடைகளுக்கு சார். இது ரிசார்ட்” என்றான்.

காலுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? ஜவுளிக்கடையில் நின்றால் வலிக்கும், ரிசார்ட்டில் நின்றால் வலிக்காது என்று எந்த வைத்திய சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? ஜவுளிக்கடைக்காரனாவது புடவை விற்கிறான். இவர்கள் விற்கும் சரக்கே ஓய்வு அல்லவா? நெய்க்கடையில் வேலை செய்கிறவனுக்கு நெய் கொடுக்காவிட்டால் போகிறது, பட்டினியாகவா போடுவார்கள்?

அன்று பகல் முழுவதும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து நான் யோசித்தேன். ஒரு விஷயம் எனக்குத் தெளிவாயிற்று.

திண்ணை என்பது வீட்டுக்காரன் தனக்காகக் கட்டிக்கொண்ட இடம் அல்ல. தனக்கு வேண்டிய கூடமும் தாழ்வாரமும் கதவுக்கு உள்ளே இருக்கின்றன. கதவுக்கு வெளியே, தன் மனையில், தன் காசில், முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்காக அவன் கட்டி வைத்தது திண்ணை. சுமைதாங்கி யாருக்கு? ஊர் பேர் தெரியாத சுமைகாரனுக்கு. பங்குனி சித்திரையில் வைக்கும் தண்ணீர்ப் பந்தல் யாருக்கு? தாகம் எடுத்தவன் எவனோ அவனுக்கு. சத்திரமும் சாவடியும் சாலையோர மண்டபமும் அப்படியே. தமிழன் ஓய்வுக்கென்று செய்துவைத்த சின்னங்களைக் கணக்கெடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் இன்னொருவனுடைய ஓய்வுக்காகச் செய்தது. அந்தத் திண்ணையிலும் எல்லாச் சாதிக்காரனையும் உட்காரவிட்டார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. விடவில்லை. அது நம் பாட்டனார்கள் செய்த பாவம். ஆனால் திண்ணையில் இருந்த தர்மத்தை விட்டுவிட்டு அந்தப் பாவத்தை மட்டும் பத்திரமாக மதிலுக்குள் கொண்டுவந்து, ‘கெஸ்ட் திண்ணை’, ‘ஸ்டாஃப் நாற்காலி’ என்று புதுப்பெயர் சூட்டிக் காசுக்கு விற்பதற்குப் பெயர் மண்ணின் மணமா?

அதிலும் எந்த ஊரில்? பதினாறு வயதுப் பையன் ஒருவன் 1896-ஆம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி ரயிலை விட்டு இறங்கி, நேரே கோயிலுக்குப் போய்விட்டு வந்து, கையில் மிச்சமிருந்த காசை அய்யங்குளத்தில் வீசி எறிந்தானே, அந்த ஊரில். அந்தப் பையன் பிற்காலத்தில் ரமண மகரிஷியானார். அவருடைய தத்துவம் உங்களுக்குச் சம்மதமா, சம்மதமில்லையா என்பது வேறு பேச்சு. எனக்கே அதில் பாதிக்கு மேல் புரிந்ததில்லை. ஆனால் அவர் வாழ்ந்த முறை கண்ணெதிரே இருக்கிறது. வருகிறவர்கள் வந்து உட்காரும் ஒரு கூடம். பந்தியில் எல்லோருக்கும் பரிமாறுவதற்கு மேலாகத் தம் இலையில் ஒன்றும் விழக்கூடாது என்ற பிடிவாதம். விடியற்காலையில் சமையலறையில் மற்றவர்களோடு உட்கார்ந்து அவரும் காய் நறுக்கியிருக்கிறார். 1938-ல் ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் அங்கே வந்தார். வந்த இடத்தில் மயங்கி விழுந்தார். 1944-ல் வெளிவந்த அவருடைய நாவலில் வரும் சாமியாருக்கு அந்தச் சந்திப்பே வித்து. அவரைப் போன்றவர்கள் கடல் தாண்டித் தேடி வந்த அமைதிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. இன்றைக்கும் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானவர்கள் பதினாலு கிலோமீட்டர் சுற்றி வருகிறார்கள். எந்த லிங்கத்தின் வாசலிலும் ஓய்ந்து உட்கார்ந்தவனை எழுந்திரு என்று யாரும் சொல்வதில்லை.

‘இதெல்லாம் பழங்கதை, உலகம் எங்கும் இப்படித்தான்’ என்று சொல்லுவார்கள். உலகம் எங்கும் இப்படி இல்லை. ‘ஸ்பா’ என்று பெரிதாகப் பலகை எழுதி மாட்டுகிறார்களே, அது பெல்ஜியத்தில் ஊற்றுநீருக்குப் பேர்போன ஒரு சிறு ஊரின் பெயர். ரோமாபுரியில் கி.பி. 216-ல் திறந்த காரகல்லா குளிப்புக்கூடம் ஓர் அரண்மனை மாதிரி. அங்கே ஏழையும் போய்க் குளித்தான். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? ஆடி மாதத்தில் நம் குற்றாலத்துக்குப் போய்ப் பாருங்கள். மில் முதலாளி தலையிலும் மூட்டை தூக்குகிறவன் தலையிலும் ஒரே அருவிதான் விழுகிறது. கரையோரத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் தம் வேலை முடிந்ததும் தாமும் போய் அருவியில் நிற்கிறார். அங்கேயும் கூட்டம் உண்டு, குப்பை உண்டு, இடிபாடு உண்டு. ஆனாலும் தேய்த்துவிட்டவனுக்கு அருவி இல்லை என்று அங்கே ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

இரண்டாவதாக ஒரு வாதம் வரும். ‘ஐயா, அந்த அம்மாள் முன்பு வெயிலில் களையெடுத்தார். இப்போது நிழலில் நிற்கிறார். சம்பளமும் மாதா மாதம் வருகிறது. உம்முடைய எழுத்தினால் அதுவும் போய்விடப் போகிறது.’ கனமான வாதம்தான். நான் அந்த அம்மாளையே கேட்டேன். வேலை வேண்டும் என்றுதான் சொன்னார். என் ஒரு நாள் கட்டணம் அவருடைய ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால் பங்குக்கு வந்தது. அந்த விகிதத்தைப் பற்றிக்கூட இன்றைக்கு நான் வழக்குத் தொடுக்கவில்லை. அது பெரிய வழக்கு. என் ஆயுளில் தீர்ப்பு வராது. நான் கேட்பது வேலையை மூடச் சொல்லி அல்ல. அந்த வேலைக்குள் ஒரு நாற்காலி. களத்துமேட்டில் களையெடுத்தபோதுகூட அவர் வரப்பில் உட்கார்ந்துதானே கூழ் குடித்திருப்பார்? நிழலைக் கொடுத்துவிட்டு வரப்பைப் பிடுங்கிக்கொள்வதற்கு முன்னேற்றம் என்று பெயர் சொல்லாதீர்கள்.

மூன்றாவது வாதம் என்னைப் பார்த்தே வரும். ‘கூழைக் குடித்தீர், எண்ணெய் தேய்த்துக்கொண்டீர், இப்போது கட்டுரையும் எழுதிக் காசு வாங்குகிறீர்.’ உண்மை. மறுக்கமாட்டேன். அந்தக் காமிராவும் மேடை கட்டிய அம்மியும் என்னைப் போன்றவர்களைத் திருப்தி செய்யத்தான் வந்தன. முதலாளி கொடுமைக்காரன் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம், உங்களுக்கும் சுலபம். ஆனால் அவர் நம் ரசனையைப் படித்துத்தான் வியாபாரம் செய்கிறார். நமக்குக் கிராமம் வேண்டும். கிராமத்து மனிதர் களைத்துப் போவதைப் பார்க்க வேண்டாம். பார்த்தால் நம் ஓய்வு கெட்டுவிடும். அதனால் களைப்பை ஸ்டோர் ரூமில் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுகிறோம். சொல்லாமலே சொல்லுகிறோம்.

அந்த விடுதியில் மலை தெரியும் அறைக்குத் தனிக் கட்டணம். என் அறையிலிருந்து அண்ணாமலை நன்றாகத் தெரிந்தது. இந்த மலை எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிவதில்லை. 2024-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், இதே மலைச்சரிவில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடியது. குழந்தைகளோடு ஏழு பேர் இறந்துபோனார்கள். அவர்களுக்கும் வாசலில் நின்றால் மலை தெரிந்திருக்கும். மண்ணின் மணம் வேண்டும் என்கிறவர்கள், அந்த மண்ணின்மேல் இருக்கிறவர்களோடு நமக்கு என்ன சம்பந்தம் என்பதையும் ஒரு நிமிஷம் நினைக்க வேண்டாமா? மழைநீர் வடிகாலும் பத்திரமான மனையும் கொடுக்க வேண்டியது அரசாங்கத்தின் பொறுப்பு. அதை ஒரு விடுதிக்காரர் தலையில் நான் கட்டவில்லை. ஆனால் ஒரு பெஞ்சு? அதற்கும் அரசாங்கம்தான் வர வேண்டுமா?

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பினேன். வெளிவாசலில் அந்த அம்மாள் ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தார். கண்டாங்கியை மாற்றிவிட்டு ஒரு நைலக்ஸ் சேலை கட்டியிருந்தார். கனகாம்பரம் இல்லை. அதுவும் விடுதியின் சொத்துப் போலும்.

“என்னால் உங்களுக்குத் திட்டு விழுந்துவிட்டது. மன்னிக்க வேண்டும்” என்றேன்.

“அத வுடுங்க ஐயா” என்றார். “நாளிக்கிக் காத்தால வந்து அந்தத் திண்ணைய நான்தான மெழுவணும்?”

அதில் கோபம் இருந்ததா, வேடிக்கை இருந்ததா என்று இன்றுவரை என்னால் நிர்ணயிக்க முடியவில்லை. ஆட்டோ வந்தது. ஏற்கெனவே எட்டுப் பேர் இருந்தார்கள். உள்ளே இருந்த ஒரு பெண் தன் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு இடம் பண்ணிக் கொடுத்தாள். அன்றைக்கு இரண்டாவது தடவையாக அந்த அம்மாள் உட்கார்ந்தார்.

ஊர் திரும்பியதும் கைப்பேசியில் செய்தி வந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். நட்சத்திரத்தை விட்டுவிட்டு, “உங்கள் ஆட்கள் எங்கே உட்காருவார்கள்?” என்று மட்டும் எழுதி அனுப்பினேன். “தங்கள் மேலான கருத்துக்கு நன்றி” என்று அந்த நிமிஷமே பதில் வந்தது. மனிதர் எழுதிய பதில் அல்ல, யந்திரம். ஆனால் யந்திரத்துக்குப் பின்னால் எங்கேயோ ஒரு முதலாளி இருக்கிறார். அவர் நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

உங்களில் பலர் இந்தக் கோடையில் பிள்ளைகளோடு இப்படிப்பட்ட ஓர் இடத்துக்குப் போவீர்கள். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உழைத்தவர்களுக்கு ஓய்வு வேண்டும். போனில் அறைக்குச் சொல்லும்போது, குளத்தில் நீந்தலாமா, குழந்தைக்குப் பால் கிடைக்குமா என்றெல்லாம் கேட்பீர்கள் அல்லவா? அதோடு இதையும் ஒரு வரி கேளுங்கள்: ‘உங்களிடம் வேலை செய்கிறவர்கள் எங்கே உட்காருவார்கள்?’ முதல் ஆள் கேட்டால் சிரிப்பார்கள். பத்தாவது ஆள் கேட்கும்போது மேனேஜர் முதலாளிக்குச் சொல்லுவார். இருபதாவது ஆளுக்கு முன்னால் ஒரு பெஞ்சு வந்துவிடும். ஒரு பெஞ்சின் விலை, நான் குளித்த அந்த மூலிகை எண்ணெயில் இரண்டு புட்டிகூட ஆகாது.